பதினேழாவது கோப்பு

ஆயிரத்து நூறு கோப்புகளில்
நாற்பதைக் குலுக்கி எடுத்திருந்தது கணினி.
வடக்கு டகோட்டாவில் ஒரு சிறு கல்லூரி,
வெப்பக்குழாய் இருமும் அடித்தள அறை,
ஐந்தாம் நாளாகத் தணிக்கையாளர் லோர்னா ஹாகன்.

பதினேழாவது, டெல்பின் பொயட்ரா.
செவிலியர் படிப்பு, முதலாண்டு.
வீட்டில் எத்தனை பேர்?
நீல மையில் நான்கு.
அதை அடித்துச் சிவப்பில் மூன்று.
ஓரத்தில் உதவித்தொகை அலுவலரின் குறிப்பு:
"தந்தை மறைவு. செய்தித்தாளில் பார்த்தேன்."
நானூற்றுப் பன்னிரண்டு டாலர் குறைந்திருந்தது.
வஞ்சகமில்லை.
வெறும் கவனம்.

கையெழுத்துத் தேதி, பிப்ரவரி ஒன்பது.
மறைவு, பதினொன்று.
கையெழுத்திட்ட நாளில் எத்தனை பேரோ
அத்தனை பேர் என்கிறது விதி.
அன்று அவர் இருந்தார்.
மேசைக்கு எதிரே உட்கார்ந்து
வருமானத் தாளுக்கு வழிகூடச் சொல்லியிருப்பார்:
"அந்த டிராயர் இல்லம்மா, கீழே."

நான்கே சரி.
மீதியைத் தரவேண்டும் என்று எழுதிவிட்டு
முகவரிக்காகத் தாளைப் புரட்டினாள்.

ஏப்ரல் மூன்று. படிப்பை விட்டார்.
காரணம் என்ற கட்டம் காலி.

அறிக்கையில் அதற்கு ஒரு வரி:
பிழை, நாற்பதில் ஒன்று.
ஏற்கத்தக்க அளவுக்குள்.