எல்லை தாண்டிய வகையில்

ஓடி என்றார்கள், கணக்கின் பெயர்.
ஓடிப்போகிற பணமாக்கும் என்று சிரித்தேன்.
தக்காளி பெட்டி தொள்ளாயிரத்துக்குப் போன வருஷம் அது,
சிரிப்பு மலிவாகக் கிடைத்தது.
ஐம்பதாயிரம் வரை எடுக்கலாம்.
அந்த ஐம்பதாயிரத்துக்குப் பெயர் எல்லை.

எல்லை எனக்குப் புதுசில்லை.
வேலந்தாவளத்தில் கடை இந்தப் பக்கம்,
வீடு அந்தப் பக்கம்.
கதவைப் பூட்டிவிட்டு வரும்போது ஒரு தடவை,
சோற்றுக்கு ஒரு தடவை,
மிளகாய்ச் சாக்கை மறந்துவிட்டு ஒரு தடவை
மாநிலம் மாறுகிறேன்.
செக்போஸ்ட் போலீஸ்காரர்
தக்காளி என்ன விலை என்று மட்டும் கேட்பார்.

அஞ்சாம் தேதி டெம்போ தவணை, ஏழாயிரத்து நானூறு.
திருச்சூர் மண்டிக்காரர் சொல் மாறாத மனுஷன்,
பதினொன்றரைக்குப் போடுகிறேன் என்றால்
பதினொன்றரைக்குப் போடுவார்.
வங்கியின் கை ஒன்பதுக்கு வந்தது.
ஒன்பதே முக்காலுக்கு வந்தது.
பத்தரைக்கும் வந்தது.
வெறும் சட்டியை மூன்று முறை துழாவிவிட்டு
சட்டிக்காரியிடமே கூலி கேட்டது அகப்பை,
துழாவலுக்கு இருநூற்றுத் தொண்ணூற்றைந்து.

நான் நின்றிருந்தது
நாற்பத்தொன்பதாயிரத்து எண்ணூற்றெழுபதில்.
கோட்டுக்கு நூற்று முப்பது ரூபாய் இப்பால்.
கூலி எண்ணூற்று எண்பத்தைந்து
என்னை இடுப்போடு தூக்கி
அப்பால் இறக்கிவைத்தது.
பாஸ்புக்கில் அதற்கடுத்த வரி:
எல்லை தாண்டிய வகையில், நூற்றுப் பதினெட்டு.

கொழிஞ்சாம்பாறைக் கிளையில்
சிஸ்டம் எடுத்ததா சேச்சி, ஞானல்ல என்றாள் சஜிதா.
மேனேஜர் பாட்னாக்காரர்.
என் தமிழ் அவருக்கு எட்டவில்லை,
அவர் இந்தி என் பக்கமே வரவில்லை.
பாஸ்புக்கை மட்டும் மூன்று பேரும் படித்தோம்.
எழுதிக்கொடு என்று
விரலால் காற்றில் எழுதிக் காட்டினார்.

பஸ் ஸ்டாண்டில் லாட்டரி விற்கிற வேலாயுதேட்டன்
மலையாளத்தில் எழுதித் தந்தார்.
மிகுந்த மனவேதனையோடு என்று ஆரம்பித்தார்.
அடிக்கச் சொன்னேன்.
வேதனை வேண்டாங்க, நேரத்தை எழுதுங்க:
ஒன்பது, ஒன்பதே முக்கால், பத்தரை.
பணம் வந்தது பதினொன்றரை.
அதற்குக் கீழே ஒரு கேள்வி,
கோட்டைத் தாண்டியது நானா, உங்கள் கூலியா?
எழுதியதற்குக் காசு வாங்கவில்லை.
நாற்பது ரூபாய்க்கு ஒரு டிக்கெட் எடுக்க வைத்தார்.

முதல் நடை, சர்வர் இல்லை.
அடுத்த நடை, மேனேஜர் லீவு.
மூன்றாம் நடையில் கடிதம் உள்ளே போனது.
நகலில் முத்திரை கேட்டேன்.
மை காய்ந்து கிடந்தது,
சஜிதா வாய்க்காற்று ஊதி ஊதி அழுத்தினாள்.
தேதியின் பாதி விழுந்தது. போதும்.

இருபத்திரண்டு நாள் கழித்து ஐநூறு வந்தது.
மூன்றில் இரண்டு துழாவல் தப்பாம்.
ஒன்று நியாயமாம்.
எது நியாயம், ஒன்பதா, பத்தரையா?
சஜிதா திரையைப் பார்த்தாள்,
திரை அவளைப் பார்த்தது.
வரி தொண்ணூறு திரும்பாது,
அது சர்க்காருக்குப் போய்விட்டதாம்.
நூற்றுப் பதினெட்டுக்கு என் கடிதத்தில் நாலு வரி இருந்தது,
அவர்கள் பதிலில் ஒன்றும் இல்லை.
லாட்டரியும் விழவில்லை.

மழை தூறிக்கொண்டிருந்தது.
பெட்டிகளுக்குத் தார்ப்பாய் இழுத்துக் கட்டிவிட்டு
வீட்டுக்கு நடந்தேன்.
சரியாக எல்லைக் கல்லுக்குப் பக்கத்தில் போன் அதிர்ந்தது.
ஒரு கால் கேரளத்திலும் ஒரு கால் தமிழ்நாட்டிலும் நிற்க,
நனையாமல் முந்தானையில் மூடிப் படித்தேன்:
குறுஞ்செய்திச் சேவை வகையில்
பதினேழு ரூபாய் எழுபது காசு.

என்னம்மா விலை, போலீஸ்காரர் கேட்டார்.
பதினேழு எழுபது என்றேன்.
கிலோவா, அநியாயமா இருக்கே என்றார்.
ஆமாங்க என்றேன்.

திங்கட்கிழமை வேலாயுதேட்டன்
பஸ் ஸ்டாண்டில் இருப்பாரா, தெரியவில்லை.
பழைய நகலை எடுத்து வைத்திருக்கிறேன்,
பாதித் தேதியோடு.