புள்ளிக்கு ஏது மொழி

குதாயிசியில் விடாத மழை.
ரியோனி ஆறு மருத்துவமனைச் சுவர்வரை
சேறு கொண்டுவந்த வாரத்தில்
எவனோ ஒருவன்
மருந்தகக் கணக்கின் கதவை
ஒரே இரவில் நாலாயிரம் முறை தட்டியிருந்தான்.

"மூன்று தடவை. அதற்குமேல் பூட்டிவிடு"
என்றார் இயக்குநர் எல்குஜா,
தொலைபேசியில், எதையோ மென்றுகொண்டே.
மூன்று என்று இட்டேன்.
பூட்டு நேரம் முப்பது நிமிடம்.
ஓர் எண்ணைத் தட்டுவதில் என்ன இருக்கிறது.

வியாழன் பின்னிரவு, இரண்டு நாற்பது.
குழந்தைகள் பிரிவிலிருந்து சியாலா.
அவள் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.
"கடவுச்சொல் சரிதான். எனக்குத் தெரியும், சரிதான்."

சரிதான்.
விசைப்பலகை ஜார்ஜிய எழுத்தில் நின்றிருந்தது,
கடவுச்சொல் லத்தீன் எழுத்தில்.
எதைத் தட்டினாலும்
திரையில் அதே கரும்புள்ளி.
புள்ளிக்கு ஏது மொழி?

படுக்கையிலிருந்தே மடிக்கணினியைத் திறந்து
பூட்டை எடுக்க ஆறு நிமிடம்.
ஏழு வயதுப் பையன் ஒருவனின் மருந்தளவு
அந்த ஆறு நிமிடமும்
திரைக்கு அந்தப் பக்கம் இருந்தது.
நான் திறந்தபோது
அவள் பழைய காகிதக் கோப்பைத் தேடிப் பிடித்து
ஊசியே போட்டு முடித்திருந்தாள்.

காலையில் பதிவேடு சொன்னது:
தவறு. தவறு. தவறு. பூட்டப்பட்டது.
கள்ளனுக்கும் இதே வரிதான்,
ஒரு எழுத்துக்கூட மாறவில்லை.

பத்து ஆக்கினேன். பதினைந்து நிமிடம்.
"ஏன் பத்து? ஒன்பதுக்கு என்ன குறை?"
எல்குஜா கேட்டதற்கு விழித்தேன்.
தூக்கம் கெட்ட கை
எத்தனை தடவை பிசகும் என்று
எந்தக் கையேட்டிலும் எழுதவில்லை.

மறுவாரம் அவன் திரும்ப வந்தான்.
இந்த முறை எதையும் திறக்க அல்ல.
ஒவ்வொரு பெயருக்கும் பத்துப் பொய், அவ்வளவே.
செவிலியர், கணக்கர், சமையலறை,
எல்குஜாவும்கூட
வெளியே நின்றார்கள்.
அவனுக்குச் சாவி வேண்டியிருக்கவில்லை.
என் பூட்டே போதுமாயிருந்தது.

இப்போது ஒரு கணக்கு உண்டு,
எத்தனை பிசகினாலும் பூட்டாதது.
குழந்தைகள் பிரிவின் ஒற்றைக் கணினிக்கு வெளியே
அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.
இருபத்தாறு எழுத்துக் கடவுச்சொல்
காகிதத்தில், உறையில், அரக்கு முத்திரைக்குள்,
சியாலாவின் இழுப்பறையில்.
உடைத்தால் எனக்கு மணி அடிக்கும்.

உறையின் மேல்
என் கிறுக்கல் கையெழுத்தில் ஒரு வரி:
முதலில் விசைப்பலகை எந்த மொழியில் நிற்கிறது, பார்.