ஜீரோ கேட்டுக்கு முன்னால்

கழுத்தைச் சுற்றிக் கறுப்பாய் ஒரு வளையம்.
எண்ணூர் சாலைப் புகை என்றிருந்தேன்.
டிரெய்லர் ஓட்டுபவன் கழுத்து
வேறெப்படி இருக்கும்?
ஞாயிறுதோறும் வேதவல்லி
பீர்க்கங்காய் நாரால் தேய்த்தாள்.
தோல் சிவந்தது. வளையம் போகவில்லை.

பல்வலி என்று போன இடத்தில்
தண்டையார்பேட்டை நர்ஸ் ஒருத்தி
என் காலரைப் பின்னால் இழுத்துப் பார்த்தாள்.
"இது அழுக்கில்லண்ணா."
தையற்கடைபோல் டேப்பை எடுத்து
தொப்புளுக்கு நேரே சுற்றினாள்.
நூற்று நாலு.
மூச்சை உள்ளிழுத்து நின்றும்
நூற்று நாலு.

மறுநாள் வெறும்வயிற்று ரத்தம் நூற்றுப் பதிமூன்று.
மூன்று மாதக் கணக்கு ஆறு புள்ளி ஒன்று.
"சுகர் வந்துடுச்சா?"
"வரல. வாசல்ல நிக்குது."

வாசல் என்றதும் விளங்கிவிட்டது.
பதினெட்டு வருடமாய் என் பிழைப்பே
வாசலில் நிற்பதுதானே.
சரக்கு இருக்கிறது, சீட்டு இருக்கிறது,
கப்பல் கூட உள்ளே காத்திருக்கிறது.
கேட் மட்டும் திறக்காது.
எனக்குப் பின்னால் திருவொற்றியூர் வரைக்கும்
பெட்டி பெட்டியாய்த் தேங்கும் இரும்பு.

உள்ளேயும் அப்படித்தானாம்.
இன்சுலின் வந்து தட்டுகிறது,
சதைக்குக் காது மந்தம்.
கணையம் இன்னும் பத்துப் பேரை அனுப்புகிறது.
பத்துப் பேரும் தட்ட அரைக்கதவு திறக்கிறது.
மீதிச் சர்க்கரை
ரத்தத்தில் ஹாரன் அடித்துக்கொண்டு.

வரிசையில் நிற்கையில் சைக்கிள் டீ வரும்.
எண்ணிப் பார்த்ததில்லை, எண்ணினேன்:
பகலில் ஐந்து, ராத்திரி நாலு.
ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி.
நடுவில் பிஸ்கட்,
விடியற்காலை பரோட்டா.
எல்லாம் உட்கார்ந்தபடியே.
ஸ்டீயரிங்குக்கும் வயிற்றுக்கும் இடையே
கை நுழையாமல் போனது எந்த வருடம்?

பரண்மேல் அப்பாவின் இடது செருப்பு இருக்கிறது.
ஸ்டான்லியிலிருந்து வந்தபின்
வலது மட்டும் தேய்ந்தது.
இது புதுசாகவே கிடக்கிறது, பட்டை கூட மடங்காமல்.
யாரும் எறியவில்லை.
யாரும் அதைப் பற்றிப் பேசவும் இல்லை.

"மருந்து?" என்றேன்.
"இப்போதைக்கு நடங்க.
நடக்கிற காலுக்குப் பின்கேட் ஒண்ணு இருக்குது,
இன்சுலின் தட்டாமலே தொறக்கும்."
எந்த ஆபீசரும் கையெழுத்துப் போடாத கேட்!

மறுநாளிலிருந்து
வண்டி நின்றால் இறங்கினேன்.
என் பெட்டியிலிருந்து இருபதாவது பெட்டி வரை,
திரும்ப.
ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் டயர்.
ஜிலானி கேபினிலிருந்து தலையை நீட்டி,
"இன்னா தேசப்பா, டீசல் திருடன் மாதிரி
சுத்தினு கீறே?"
மூன்றாம் வாரம் அவனும் இறங்கினான்,
புகையிலையைத் துப்பிவிட்டு.

சோறு பாதியானது, சண்டை இல்லாமல் ஆகவில்லை.
காசிமேட்டு மத்தி வறுவலிலிருந்து குழம்புக்கு மாறியது.
முதல் சர்க்கரையில்லா டீயைக்
கடலுக்கே ஊற்றிவிட்டேன்.
அத்தோ கடை வழியே போவதில்லை.
பொய். போன வெள்ளிக்கிழமை போனேன்.
முட்டையை மட்டும் தின்றுவிட்டு வந்தேன்.
பொய். பாதித் தட்டு அத்தோவும்.

நாலு மாதம். ஐந்து புள்ளி ஒன்பது.
டேப்பில் நான்கு சென்டிமீட்டர் மிச்சம்.
வளையம் அப்படியேதான் இருக்கிறது,
வேதவல்லி மட்டும்
கொஞ்சம் வெளுத்திருக்கு என்கிறாள்.
நார் இப்போது பாத்திரம் கழுவப் போய்விட்டது.

நேற்று ராத்திரி, இருபதாவது பெட்டியையும் தாண்டி
பேச்சுவாக்கில் போய்விட்டோம்.
திடீரென்று முன்னால் எல்லாம் விளக்கு.
வரிசை நகர்கிறது.
ஆறு மணி நேரமாய் அசையாதது
இப்போதா நகர வேண்டும்!
என் காலி இடத்தைப் பார்த்துப்
பின்வண்டிகள் பரம்பரையையே இழுத்துத் திட்டின.

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு
ஓடினேன்.
நாற்பத்தாறு வயதில்,
இரண்டு காலாலும்.