நூற்றில் இருபத்தொன்பது

குதிகாலில் ஒரே குத்து.
பிழிந்தால் ரத்தம் பொய் சொல்லும், பிழியாதே என்று
எத்தனை முறை சொல்லியிருப்பேன் உல்கானிடம்.
இன்று அவள் பிழியவில்லை.
வெந்நீர்த் துணியைப் பாதத்தில் சுற்றிக் காத்திருந்து
துளியைத் தானாக உருள விட்டிருக்கிறாள்.
அதிலேயே தெரிந்துவிட்டது எனக்கு,
பயந்திருக்கிறாள்.

நாரின் நகரம். இரவு இரண்டே கால்.
வெளியே மைனஸ் இருபத்தேழு.
ஆய்வகத்தின் ரேடியேட்டர் இருமிக்கொண்டிருக்கிறது.
குழாயில் ஒட்டிய சீட்டில் பெயர் இல்லை:
ஜில்டிஸின் ஆண்பிள்ளை, வயது முப்பது மணி.

பால் குடிக்க மறந்துபோகிறான்.
உடம்புச் சூடு முப்பத்தாறிலேயே நிற்கிறது.
நிறம் சரியில்லை.
என்ன நிறம் என்று கேட்டால்
"நேற்றைய நிறம் இல்லை" என்கிறாள் உல்கான்.
என் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

சி.ஆர்.பி. போட்டேன்.
நான்கு.

நான்கு நல்ல எண்.
நான்கு என்றால் டாக்டர் தாலாய்பெக்
நாற்காலியிலேயே கண்ணயரலாம்.
போன ஏப்ரலிலும் நான்குதான் வந்தது.
கல்லீரலுக்குப் புகை எட்டி
அது மணி அடிக்க அரை நாள் ஆகும்,
கூரை அதுவரை காத்திருப்பதில்லை.
படித்திருந்தேன் இதை. படித்திருந்தும்
எழுதினேன், கையெழுத்திட்டேன்,
வீட்டுக்குப் போய் லக்மான் சமைத்துச் சாப்பிட்டேன்.
மறுநாள் அந்தத் தொட்டிலைத் துடைத்து வைத்திருந்தார்கள்.
எண்ணில் பிழை இல்லை என்றார்கள் எல்லோரும்.
பிழையில்லாத எண்ணை
எங்கே கொண்டுபோய்ப் புதைப்பது?

மிச்சத் துளியைக் கண்ணாடியில் இழுத்தேன்.
சாயம் காயும் வரை நின்றேன்.

முதிர்ந்த வெள்ளணுவின் உட்கரு
மூன்று நான்கு மணிகளாய்க் கோத்திருக்கும்.
முதிராததோ இன்னும் துண்டாகாமல்
லாடம் போல வளைந்து கிடக்கும்.
குதிரைகளின் ஊர் இது,
லாடத்தை எனக்கு யாரும் காட்டித்தர வேண்டாம்.
எலும்புக்குள் இன்னும் சில நாள் இருந்திருக்க வேண்டியவை இவை.
லாயத்தின் தாழை உடைத்து
குட்டிகளையும் வெளியே விரட்டியிருக்கிறான்
மூன்று கிலோகூட இல்லாத ஒருவன்,
அழாமல்,
தூங்குவதுபோல் கிடந்துகொண்டு.

நூறு எண்ணினேன். இருபத்தொன்பது லாடம்.
மறுபடி எண்ணினேன். இருபத்தேழு.
இரண்டு என் கண்ணுக்குத் தப்பியிருக்கலாம்.
என் ஏப்ரல் இரண்டைச் சேர்த்துமிருக்கலாம்.

தொலைபேசியில்,
"நான்கு" என்றேன்.
"நல்லது" என்றார்.
"லாடம் இருபத்தொன்பது" என்றேன்.
கம்பிக்குள் காற்று வீசுவது கேட்டது.
"காலையில் மறுபடி ரத்தம் எடுத்துப் பார்ப்போமா?"
"காலையில் எடுங்கள். மருந்தை இப்போதே போடுங்கள்."
அப்படிச் சொல்வது என் வேலை இல்லை.
சொல்லிவிட்டு
ரிசீவரைத் தப்பான பக்கம் வைத்தேன்.

ஆம்பிசிலின், ஜென்டமைசின். இரண்டு ஐம்பதுக்கு.

மறுநாள் மதியம் சி.ஆர்.பி. நாற்பத்தாறு.
மணி அடித்துவிட்டது கடைசியில்.
அதன் மறுநாள் இருபத்தொன்று.
கிருமி வளர்க்கும் புட்டி மட்டும் வெதுவெதுப்பில் இருந்தபடி
இரண்டு நாளும் தெளிவாகவே இருந்தது.
ஒன்றும் முளைக்கவில்லை.
ரத்தம் போதவில்லையா, கிருமியே இல்லையா,
குட்டிகளைக் கூப்பிட்டது யார்
என்பதை யாரும் எனக்குச் சொல்லப்போவதில்லை.
பதிவேட்டில் அந்த இடத்தில் ஒரு கோடு இழுத்தேன்.

ஆறாம் நாள், ஆறு.

ஜில்டிஸ் ஆய்வகக் கதவில் வந்து நின்றாள்,
செருப்புக்குள் கம்பளிச் சாக்ஸ், கையில் அவன்.
"எதைப் பார்த்தீர்களாம்?"
அன்றைய கண்ணாடியைத் தேடி வைத்தேன்.
குனிந்தாள். தப்பான கண்ணை மூடினாள்.
பிறகு மற்றதை.
"கறுப்பாய் ஏதோ அசைகிறது"
என்றாள் மூச்சடக்கி.

அவளுடைய இமைமயிர் அது.
உடனே சொல்லிவிடவில்லை நான்.