லாட் நாற்பத்தொன்று

என் வேலை
காதில் ஒரு குரலை வைத்துக்கொண்டு
கையால் ஓர் எண்ணட்டையைத் தூக்குவது.
குரலுக்குப் பெயர் கிடையாது. ஊர் தெரியாது.
பின்னணியில் ஒரு நாய் குரைக்கும்.
யாரோ கோப்பையில் கரண்டி கலக்குவார்கள்.
எனக்குத் தெரிந்த பணக்காரர் அவ்வளவுதான்.

தேனாம்பேட்டை ஓட்டல், இரண்டாம் மாடி.
நேற்று இதே மேடையில் யாருக்கோ ரிசப்ஷன்;
சம்பங்கி வாசம் இன்னும் ஏசியில் சுற்றுகிறது.
மணமக்கள் இருந்த இடத்தில் வெல்வெட் தலையணை,
அதன்மேல் ஒரு கைக்கடிகாரம்.

துறைமுகத்தில் முக்குளிப்பவர் அருளப்பன்.
கப்பலின் சுழலியில் சிக்கிய வடத்தை
மூச்சடக்கி அறுத்துவிட்டதற்கு
நார்வே கேப்டன் ஒருவர் கழற்றிக் கொடுத்தது.
இருநூறு மீட்டர் ஆழம்வரை தாங்கும்.
ஒருநாளும் தண்ணீரில் இறங்கியதில்லை.
கெட்டுவிடும் என்று
மடித்த சட்டைமேல், முகம் மேலே பார்க்க,
படகிலேயே வைத்துவிட்டுக் குதிப்பாராம்.

தொழிற்சாலையில் அன்று வார்னிஷ் கலந்தவனுக்கு
ஏதோ யோசனை. ஒரு பங்கு கூடவோ குறையவோ.
மீதியைச் சென்னை வெயில் பார்த்துக்கொண்டது.
கறுப்பு முகப்பு கரைந்து கரைந்து
டிகாக்‌ஷன் நிறத்தில் வந்து நின்றுவிட்டது.

பழுதுதான்.
கேட்டிருந்தால் கம்பெனிக்காரர்கள்
இலவசமாகவே மாற்றித் தந்திருப்பார்கள்.
மாற்றிக்கொண்டவர்களின் கடிகாரம் இன்று மூன்று லட்சம்.
இது, கேட்கத் தெரியாதவருடையது.

விவரக் குறிப்பு எழுதியதும் நான்தான்.
பின்மூடியைத் திறந்தால் உள்ளே
ஊசியால் கீறிய எண்கள், பதினோரு வரி.
சௌகார்பேட்டை அடகுக்கடை அடையாளம்.
பெரும்பாலும் மே கடைசி;
ஜூனில் பள்ளிக்கூடம் திறந்துவிடும்.
பதினோரு தடவை போய்
பதினோரு தடவை மீண்டிருக்கிறது.

"அதெல்லாம் எழுதாதீங்கம்மா, அசிங்கம்" என்றார்
அருளப்பன் மகள் பௌலின்.
எங்கள் மேலாளருக்குக் கண் விரிந்தது.
எழுது, முதல் பத்தியில் எழுது.
சீட்டு ஏதாவது இருக்குமா?
பிஸ்கட் டப்பாவில் மூன்று இருந்தன.
சீட்டுக்கு மட்டும் ஐந்து லட்சம் ஏறும் என்றார்.
அந்தச் சீட்டுக்கு அன்று கொடுத்தது
எழுபது ரூபாய்.

பதினெட்டில் ஆரம்பம்.
முப்பதுவரை ஆறு கைகள். நாற்பதில் இரண்டு.
அதற்குப் பிறகு கடிகாரத்தை யாரும் பார்க்கவில்லை.
முன்வரிசை மனிதர் என் காதையே பார்த்தார்.
"அவன் இன்னும் இருக்கானா?" என்றது காது.
"இருக்கார் சார்."
"என்ன பண்றான்?"
"தண்ணி குடிக்கிறார்."
"ஒண்ணு போடு."
ஒன்று என்றால் ஒரு லட்சம்.

அரிது, மெருகிடாத ஓரங்கள், அசல் திருகு,
கைமாறிய வரலாறு என்று
காரணங்கள் எத்தனையோ எழுதியிருக்கிறேன்.
எழுதாத ஒன்று உண்டு.
ஒருவர் ஆசைப்பட்டால் பொருள் மேசையில் இருக்கும்.
இருவர் ஆசைப்பட்டால்
பொருள் எழுந்து வெளியே போய்விடும்.
மிச்சம் அந்த இருவர்தான்.

அறுபத்திரண்டில் முன்வரிசை மனிதர்
இரண்டாம் முறை வந்த ரசத்தை மறுப்பதுபோல்
கையை லேசாகக் குவித்தார்.
சுத்தியல்.
"சாவி கொடுக்க வேணாம்னு சொல்லிடுங்க,
ஓடினா தேயும்" என்றது குரல்.
நாய் குரைத்தது. இணைப்பு போய்விட்டது.

கடைசி வரிசையில் பௌலின்,
கைதட்டலாமா கூடாதா தெரியாமல்.
"எவ்ளோன்னாங்க மிஸ்?"
சொன்னேன்.
கொஞ்சநேரம் கழித்து,
"நாலு நிமிஷம் ஸ்லோன்னு
அப்பா திட்டிக்கிட்டே இருப்பாரு" என்றார்.

வெளியே நாலரை மணி. அதே வெயில்.
என் ஸ்கூட்டர் சீட்டைச் சாம்பலாக்கி வெடிக்க விட்டிருக்கிறது.
என் முழங்கைக்குக் கீழே இரண்டு நிறம்.
யாரும் எண்ணட்டை தூக்கவில்லை.

ராயபுரத்துக்கு நானூற்றைம்பது என்றார் ஆட்டோக்காரர்.
முந்நூறு என்றார் பௌலின்.
நானூறு. முந்நூற்றிருபது.
வேறு ஆட்டோ எதுவும் நிற்கவில்லை,
வேறு சவாரியும் இல்லை.
முந்நூற்றைம்பதுக்கு
ஒருவரையொருவர் திட்டிக்கொண்டே
இருவரும் கிளம்பினார்கள்.