மூன்றாம் வால்வு

ததேயுஸின் கார்னெட்டில் மூன்றாம் வால்வு
உப்புக்காற்றில் இறுகி அரைவழியில் நின்றுவிடும்.
எண்ணெய் விட்டோம். மண்ணெண்ணெய் விட்டோம்.
டென்னிஸ் மாஸ்டர் ஒருமுறை கெட்டவார்த்தையும் விட்டார்.
இறங்கவில்லை.
ஆகவே அவனுடைய காந்தாரம்
சரியான இடத்துக்குக் கொஞ்சம் கீழே,
தப்பான இடத்துக்குக் கொஞ்சம் மேலே
கட்டிப்போட்ட வள்ளம்போல் ஆடிக்கொண்டு நிற்கும்.
“சுருதி போச்சுலே” என்பார் மாஸ்டர்.
“அதுக்குப் பேரு ப்ளூ நோட்டு” என்பான் இவன்.

பேரெல்லாம் ஜெர்வாசிஸ் அனுப்பியது.
கப்பலில் சமையல் பார்ப்பவன்.
நியூ ஆர்லியன்ஸில் நின்ற பதினோரு நாளில்
மெமரி கார்டில் இருநூறு பாட்டும்
குழம்புக்கறை பட்ட ஒரு நோட்டும் சேர்த்திருந்தான்:
ரிஃப், கரமடி இழுக்கும் அம்பாபோல, விடாமல் திரும்பி வருவது.
பிரேக், எல்லாரும் நிறுத்த ஒருத்தன் மட்டும் விழாமல் நிற்பது.
ஸ்விங், எழுத வரவில்லை. வந்து சொல்கிறேன்.

நான் பெரிய டிரம்.
இடக்கால் படும்போது அடி என்று பழக்கியிருந்தார்கள்.
இரண்டு காலுக்கும் நடுவில்
மண்ணில் எதுவுமே படாத அந்த நொடியிலும் அடிக்கலாம் என்பது
முப்பத்தெட்டு வயதில்தான் தெரிந்தது.
மணவாளக்குறிச்சிக் கருமணலில்
உச்சி வெயிலில் செருப்பில்லாமல் ஓடியிருக்கிறேன்,
இருந்தும் தெரியாமல் போனது.

கெப்பார்டு என்று ஒருத்தன்,
விரல் போகும் வழியை எவனும் திருடாமலிருக்கக்
கைக்குட்டையால் மூடிக்கொண்டு ஊதுவானாம்.
ததேயுஸும் துண்டு போட்டான்,
துரு தெரியாமலிருக்க.
மார்ட்டன் என்று ஒருத்தன்
ஜாஸைக் கண்டுபிடித்ததே நான்தான் என்று சொல்லித் திரிந்தானாம்.
குளச்சல் சந்தையில் அயிலைக்கறியைக் கண்டுபிடித்தவர்கள்
நாலு பேர் இருக்கிறார்கள்.

எல்லாருக்கும் முன்னால் போல்டன்.
ஊதினால் ஆற்றுக்கு அக்கரையில் கேட்குமாம்.
கார்டில் தேடினேன். இல்லை.
மெழுகுச் சிலிண்டரில் பிடித்தார்களாம்,
பிறகு யாரும் கண்டதில்லையாம்.
மிச்சம் ஒரே ஒரு போட்டோ.
மனநோய் ஆஸ்பத்திரியில் இருபத்துநாலு வருஷம்,
அப்புறம் அடையாளமில்லாத ஒரு குழி.
“பின்ன எப்படிலே அவன் முதலாமவன்?”
“கேட்டவங்க சொன்னாங்கல்லா” என்றான் ததேயுஸ்.

ஒக்கிக்குப் பிறகு சின்னத்துறையில்
கிளீட்டஸின் பெட்டிக்கு வாசிக்கக் கூப்பிட்டார்கள்.
பெட்டியில் ஆளில்லை.
ஒரு சட்டை, ஒரு சுருள் தூண்டில் நரம்பு,
ஆதார் அட்டையிலிருந்து பெரிதாக்கிய, கலங்கிய முகம்.
தூக்கியவர்கள் கனம் இருப்பதுபோலவே நடந்தார்கள்.

போகும்போது மெதுவாக, அது எல்லா ஊரிலும் ஒன்றுதான்.
திரும்பும்போது அங்கே ஆட்டமாம்,
பின்னால் சேர்கிற சனத்துக்குச் செகண்ட் லைன் என்று பேராம்.
இங்கே உறையில் போட்டு டெம்போவில் ஏறிவிடுவோம்.

குழிக்கரையில் காந்தாரம் மறுபடி சறுக்கியது.
மாஸ்டர் கையை உயர்த்தினார்.
எட்டு நாளாக வாய் திறக்காத பிரிஜிட்டாள்
“நிறுத்தண்டாம்” என்றாள்.
“அந்தக் கீழ போறது. அதையே ஊதும்.”

ஊதினான்.
அவள் ஒரு குரல் கொடுத்தாள், அதற்கு இவன்,
இவனுக்கு அவள்.
எங்கள் எல்லாருடைய கையும் தானாக நின்றது.
அவள் மூச்செடுத்த இடத்தில்,
யாருடைய காலும் மண்ணில் இல்லாத இடத்தில்,
நான் ஒரே ஒரு அடி அடித்தேன்.

திரும்பும்போது யாரும் வண்டியில் ஏறவில்லை.
பள்ளிமுற்றம் வரை நடந்தோம், பின்னால் சனம்.
ஆடவில்லை. வேகம் மட்டும் கொஞ்சம் கூடியிருந்தது.
டெம்போக்காரன் காத்திருந்ததற்கு
இருநூறு ரூபாய் கூடக் கேட்டான்.