இரண்டு வரி இடம்

படிவத்தில் பதினான்காவது கேள்வி:
திரும்பி வந்ததற்கான காரணம்.
கீழே இரண்டு வரி இடம் விட்டிருக்கிறார்கள்.
எட்மில்சன், தம்பி, பேனாவை மூடி வை.
முதலில் செருப்பைக் கழற்று.
தரையில் கால் வை.

சுடாது, பயப்படாதே.
காய்ச்சல் விட்டுக்கொண்டிருக்கும் குழந்தையின்
நெற்றி அளவுக்குத்தான் சூடு.
முதல் வருடம் இதில் முட்டை வேகும் என்று
பந்தயம் கட்டினார்கள். வேகவில்லை.
ஆனால் மாவு பொங்கியது.
இன்றைக்கும் ரொட்டி மாவை அந்த மூலையில்தான் வைக்கிறேன்,
பூனையோடு சண்டை போட்டு.

நீ நிற்கிற இடத்துக்கு நேர் கீழே
என் பழைய அடுக்களை இருக்கிறது.
பத்துப் பன்னிரண்டு அடி ஆழம் இருக்கும்.
அலமாரியில் ஒரு நீலக் கிண்ணத்தை விட்டுவிட்டேன்.
உடைந்திருக்காது என்றான் அடெரிட்டு,
உருகியிருக்கும்.
அவனுக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது.

ஃபோகோ என்றால் எங்கள் பேச்சில் நெருப்பு.
தீவுக்கே அதுதான் பெயர்.
பெயரை மறைத்து
யாரும் எங்களை ஏமாற்றிவிடவில்லை.

அந்த நவம்பரில் மலை கக்கிய குழம்பு
ஓடி வரவில்லை தம்பி, நடந்து வந்தது,
நிறைமாதக்காரி போல, நின்று நின்று.
ஒரு சுவர் சாய அரை நாள் ஆனது.
நேரம் இருந்ததே, அதுதான் கொடுமை.
எதை எடுப்பது என்று யோசிக்க முடிந்தது.
சிலர் புனிதர் படத்தை எடுத்தார்கள்,
சிலர் நிலப் பத்திரத்தை
(நிலம் எங்கே என்று கேட்காதே).
அடெரிட்டு திருப்புளியோடு வந்து
கதவைக் கழற்றினான்.
வீட்டைக் காணோம்,
கதவு மட்டும் கழுதை மேல் ஏறிப் போகிறது.
அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டேன்.
வேண்டுமானால் அதையும் எழுதிக்கொள்.

கீழே கடலோரம் அரசாங்கம் வீடு கொடுத்தது.
குறை சொல்ல மாட்டேன். குழாயைத் திறந்தால் தண்ணீர்.
காலையில் வாசலில் நாற்காலி போட்டு உட்காருவோம்.
வெயில் திரும்பினால்
நாற்காலியை நிழலுக்கு இழுப்போம்.
அன்றைய வேலை முடிந்தது.

பிறகு கொடி வெட்டும் பருவம் வந்தது.
ஒருநாள் இருட்டோடு எழுந்து
கத்தரிக்கோலை இடுப்பில் செருகிக்கொண்டு போனான்.
குழம்பு தொடாமல் விட்ட கொடிகள் முப்பதோ முப்பத்தொன்றோ.
உனக்குத் தெரியுமே, எங்கள் திராட்சைக்குப் பந்தல் கிடையாது.
கறுப்புச் சாம்பலில் வயிறு படியப் படுத்துக் காய்க்கும்.
மழை எட்டிப் பார்க்காத மாதங்களில்
இரவுப் பனியைக் குடித்துக்கொள்ளும்.
மாலை அவன் வரவில்லை.
மறுநாளும் வரவில்லை.
மூன்றாம் நாள்
கதவை ஏற்றிக்கொண்டு நான் போனேன்.

ஆமாம், கதவைத்தான் முதலில் நிறுத்தினோம்.
பிறகு அதைச் சுற்றிச் சுவர்.
கல்லுக்கு அலையவில்லை.
வீட்டைத் தின்றதே, அதை உடைத்தோம்.

பிராக்டனிலிருந்து தங்கை ஜெர்த்ரூடிஸ் பேசுகிறாள்:
மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டு
எப்படியடி தூங்குகிறாய்?
நான் எங்கே கட்டிக்கொண்டேன்,
அதன் மடியில்தானே படுத்திருக்கிறேன்.
அவள் தூங்குவது மாத்திரையில்.
எதற்கு என்று நான் கேட்டதில்லை.

தைரியம் என்று மட்டும் எழுதிவிடாதே.
தரை லேசாக உறுமினால் முதலில் ஓடுகிறவள் நான்.
கதவுக்குப் பின்னால் பை தொங்குகிறது, பார்.
டார்ச், அடையாள அட்டை, அவனுடைய ரத்த அழுத்த மருந்து,
அடியில் திருப்புளி.

இப்போது பேனாவைத் திற.
முதல் வரியில் எழுது:
கொடி வெட்டப் போனவர் திரும்பி வரவில்லை.
இரண்டாம் வரியை அப்படியே விட்டுவை.
அடுத்த முறையும்
கேட்க வருவாய் அல்லவா?